பதினொன்று பத்து

ஜூலை 2, புதன்

வட்டம் அழகாகத்தான் வந்தது. அம்மாவின் கை நடுங்கவில்லை. பன்னிரண்டு எண்களும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. அப்புறம் டாக்டர், "பதினொன்று பத்துக்கு முள்ளை வைங்கம்மா" என்றார். அம்மா ஒரு முள்ளை 11-க்கு இழுத்தாள். இன்னொன்றை 10-க்கு. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, சரியா என்பது போல என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

ஒட்டினாற்போல் நிற்கும் அந்த இரண்டு முள்ளும் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கின்றன. 'பத்து' என்று காதில் விழுந்ததும் கண் நேராக 10-க்கு ஓடும். அந்த இழுப்பை அடக்கி, பத்து நிமிஷம் என்றால் முள் 2-இல் நிற்கும் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அடக்குகிற அந்த வேலை பெரும்பாலும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியுடையது. அதைப் பார்க்கத்தான் இந்த நேரத்தையே கேட்கிறார்கள். அப்படியானால் இது மறதி இல்லை, வேறொன்று. மறதி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மொத்தச் சோதனையில் 30-க்கு 21. 26 வந்தால் போதும் என்பது கணக்கு.

ஜூலை 3, வியாழன்

ரத்தம் எடுத்தார்கள். பி12, தைராய்டு, சர்க்கரை. வீடு வந்து சேர்வதற்குள் "எதுக்கு எடுத்தாங்க?" என்று நாலு தடவை கேட்டாள். நாலாவது தடவை என் குரல் சரியில்லை.

ஜூலை 5, சனி

கதவு, பஞ்சு, குதிரை, ஆறு, சிவப்பு.

இனி தினமும் காலையில் இதைச் சொல்லி, கால் மணி நேரம் கழித்துக் கேட்கப் போகிறேன். விளையாட்டு என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று கதவு வந்தது, சிவப்பு வந்தது. "ஒரு மிருகம்மா" என்று எடுத்துக்கொடுத்ததும் குதிரை வந்தது.

எனக்குத் தெரிய வேண்டியது இந்த இடம்தான். எடுத்துக்கொடுத்தால் வருகிறதா, வரவில்லையா. வந்தால் சொல் உள்ளே இருக்கிறது, தேடி எடுக்கத்தான் நேரமாகிறது. வயதானால் பெரும்பாலும் அப்படித்தான். மனச்சோர்விலும் அப்படி ஆவதுண்டு. எடுத்துக்கொடுத்தும் வரவில்லை என்றால் சொல் உள்ளே போய்ச் சேரவே இல்லை. வண்டியிலிருந்து இறக்காத சாமானை வீட்டுக்குள் தேடுவது போலத்தான். உள்ளே சேர்த்து வைக்கிற வேலை ஹிப்போகேம்பஸுடையது. இரண்டு காதுக்கும் உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக, கடல்குதிரை போல வளைந்து கிடக்கிறது. கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கே கடல்குதிரை என்றுதான் அர்த்தம். முதுமையில் நோய் இல்லாதவர்களுக்கும் அது வருஷத்துக்கு ஒன்றிரண்டு சதவீதம் சுருங்கும். அல்சைமர் என்ற மறதிநோயில் அதைவிட வேகமாக.

குதிரை வந்தது. இன்னொரு தடவை எழுதி வைக்கிறேன். குதிரை வந்தது.

ஜூலை 6, ஞாயிறு

கதவு, சிவப்பு, ஆடு. ஆடு என்று நான் சொல்லவே இல்லை. தவறு.

ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்கும் ஆடு. ஒரு சொல்லை விட்டுவிட்டால் பரவாயில்லை. இல்லாத ஒன்று எங்கிருந்து வருகிறது?

சாயங்காலம் சும்மா பேச்சு கொடுத்தேன். தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடிக்கடி இணைப்பு கேட்கும் எண்கள் ஞாபகம் இருக்கிறதா என்றேன். மூச்சு விடாமல் பதினோரு எண் சொன்னாள். எந்த எண் எந்தக் கம்பெனிக்கு, யார் கோபக்காரர், யார் நன்றி சொல்வார் என்பது வரைக்கும். சொல்லும்போது முதுகு நிமிர்ந்துவிட்டது. அப்புறம், "மாத்திரை போட்டேனா?" என்று கேட்டாள். போட்டு இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது.

புதியது முதலில் போகும், பழையது கடைசி வரை நிற்கும் என்று ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர் 1881-லேயே எழுதிவிட்டார். அதில் என் இடம் எது? நான் புதியதா, பழையதா?

ஜூலை 9, புதன்

தம்பி போன் செய்தான். "வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்க்கா" என்றான். எல்லாருக்கும் எப்படி என்று அவனுக்குத் தெரியுமா? எல்லாருக்கும் வேகம் குறையும். பெயர் நாக்கு நுனியில் நின்றுவிட்டு ராத்திரி படுத்த பிறகு வரும். ஒரே சமயத்தில் இரண்டு வேலை பார்ப்பது கஷ்டமாகும். ஆனால் சொல்வளம் குறையாது, பல பேருக்குக் கூடவே செய்யும். நேற்று நடந்ததில் ஒரு துணுக்கு மறந்தால் அது வயது. நேற்று நடந்ததே நடக்கவில்லை என்றால்? போன வாரம் அவன் நேரில் வந்து ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டுப் போனான். அடுத்த நாள் அம்மா, "அவன் வந்து எத்தனை மாசமாச்சு" என்றாள். அதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

நல்ல நாள். பஞ்சு தானாக வந்தது.

ஜூலை 11, வெள்ளி

படிக்கக்கூடாது என்று நினைத்ததைப் படித்தேன்.

ஆகுஸ்தே டெட்டர். அல்சைமர் நோய் முதலில் கண்டறியப்பட்ட பெண். 1901-இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் சேர்த்தபோது அவருக்கு 51 வயது. டாக்டர் அலோயிஸ் அல்சைமர் எதிரே உட்கார்ந்து பெயர் கேட்கிறார். ஆகுஸ்தே என்கிறார். கணவர் பெயர்? அதற்கும் ஆகுஸ்தே. என்னையே தொலைத்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். 1906-இல் இறந்த பிறகு அவருடைய மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள், செல்களுக்குள் முறுக்கிக்கொண்ட இழைகள்.

அந்தப் படிவுகள், மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து இருபது வருஷம் முன்பே சேர ஆரம்பித்துவிடும். அம்மாவுக்கு இப்போது 73. இருபது வருஷம் முன்பு என்றால் 53. அப்போது நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, பிறந்து மூன்று நாளான என் மகளை மடியில் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கே உள்ளே சேர்ந்துகொண்டிருந்ததா? எங்கள் யாருக்கும் எதுவும் தெரியாமல்?

எனக்கு 52.

ஜூலை 12, சனி

தூங்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன். "இப்படி உட்காரு" என்றாள். உட்கார்ந்தேன். மூன்று பிரியாகப் பிரித்தாள். நரைத்த முடி என்னுடையது, சுருங்கிய கை அவளுடையது. பிரி ஒவ்வொன்றும் விரலிடுக்கில் மாறி மாறிப் போனது, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நுனியைச் சுற்றி முடிந்துவிட்டு, சின்ன வயதில் செய்வது போலவே ஒரு தட்டுத் தட்டினாள்.

கை பழகிய வேலைக்கு மூளையில் வேறு பாதை. 1953-இல் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நிற்பதற்காக இரண்டு பக்க ஹிப்போகேம்பஸையும் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு புதிதாகப் பார்த்த ஆள் யாரும் அவர் மனதில் நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையப் பழக்கினார் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர். ஒவ்வொரு நாளும் அதை முதல் தடவை பார்ப்பது போலத்தான் மொலைசன் உட்கார்ந்தார். கை மட்டும் நாளுக்கு நாள் தேறியது.

இன்று ஐந்து சொல் கேட்கவில்லை. பின்னலை ராத்திரி வரை அவிழ்க்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஸ்கேன். தோட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். வெளியே வரை அந்த இரைச்சல் கேட்டது. வந்ததும் "என் தோடு?" என்றாள். மாட்டிவிட்டேன். வண்டியில் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பி12 வந்துவிட்டது: 148. 200-க்குக் கீழே போனால் குறைபாடு. ஊசி ஆரம்பிக்கிறார்கள். பி12 குறைந்தாலும் மறதி வரும், சரி செய்தால் தேற வாய்ப்பு உண்டு. "இது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது" என்றார் டாக்டர். எனக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. அது போதும், இன்றைக்கு அது போதும்.

ஜூலை 16, புதன்

மின்விசிறியை நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கதவு, பஞ்சு, குதிரை, ஆறு. அம்மா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறா? இத்தனை நாளும் ஆடுன்னுல்ல சொன்ன?"

நோட்டை எடுத்துப் பார்த்தேன். 6, 7, 8, 10, 12, 14. ஆறு இடத்தில் ஆடு. ஆறு இடத்திலும் என் கையால் 'தவறு'. இத்தனை நாளும் வேலை செய்துகொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு, விசிறி ஓடும் அறையில் சொல்லியிருக்கிறேன். அவளுக்குக் கேட்டது ஆடு. கேட்டதை விடாமல் வைத்திருந்தாள். 'இத்தனை நாளும்' என்றாளே, அது ஞாபகம் இல்லாமல் வேறென்ன?

ஜூலை 17, வியாழன்

நோட்டு அம்மா கையில் கிடைத்துவிட்டது. மேஜை மேல் நான்தான் விட்டிருந்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"எங்க ஆபீஸ்ல சூப்பர்வைசர் இப்படித்தான். சொல்லாம லைன்ல வந்து கேட்பாங்க. அப்புறம் மார்க் வரும்" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"நான் மறக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நீ சொல்லிட்டே கேட்டிருக்கலாம்டி."

மூடி, என் கையில் கொடுத்தாள். கிழித்துப் போடவில்லை, அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

காது பரிசோதனை. தாழ்ந்த ஒலி கேட்கிறது, உயர்ந்த ஒலி இரண்டு காதிலும் குறைவு. உயிர் ஒலி கேட்கும், நடுவில் வரும் மெய் நழுவிவிடும். ஆறும் ஆடும் ஒன்றாகிவிடும். முப்பத்தோரு வருஷம் காதை வைத்துப் பிழைத்தவள். கேட்காததை ஊகித்து ஊகித்தே மூளை களைத்துவிடும், சேர்த்து வைக்கத் தெம்பு இருக்காது. டிமென்ஷியா என்ற அறிவுத் தேய்வுக்கு நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் சொன்ன பதினாலில் காது கேளாமையும் ஒன்று. இதை நான் ஐந்து வருஷம் முன்பே கவனித்திருக்க வேண்டாமா? டிவி சத்தத்துக்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

இருட்டுகிற நேரம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "நேரமாச்சே, உங்க அம்மா தேடமாட்டாங்களா?" என்றாள். அவ்வளவு மரியாதையாக, வெளி ஆளிடம் பேசுவது போல.

விளக்கைப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழித்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

ராத்திரி பதினொரு மணிக்குத்தான் தோன்றியது. நேற்று அரிப்பு என்று சொன்னதற்கு அலமாரியில் இருந்த பழைய அலர்ஜி மாத்திரையைக் கொடுத்தேன். இன்று காலையிலும் ஒன்று. அந்த வகை மாத்திரை அசிட்டைல்கோலினைத் தடுக்கும். ஞாபகத்துக்கு வேண்டிய வேதிப்பொருளே அதுதான். வயதானவர்களுக்குக் குழப்பத்தைக் கொண்டுவரும். என் கையால் கொடுத்தேன். அதனால்தான் என்றால் நல்லது. அதனால்தான் என்று இருக்கட்டும்.

ஜூலை 21, திங்கள்

மாத்திரையைத் தூக்கிப் போட்டாயிற்று. இன்று சாயங்காலம் ஒன்றும் ஆகவில்லை. விளக்கை நாலரைக்கே போட்டுவிட்டேன்.

ஸ்கேன் உறை பீரோவில் இருக்கிறது. பிரிக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

கேட்க வேண்டியவை. ஹிப்போகேம்பஸ் இரண்டு பக்கமும் எப்படி இருக்கிறது, வயதுக்கு ஏற்ற சுருக்கமா, அதற்கு மேலா. ரத்த அழுத்தத்தால் சின்ன ரத்தக்குழாய்கள் கெட்டிருக்கிறதா. பி12 ஊசி எத்தனை நாளில் தெரியும். அலர்ஜி மாத்திரையை மறைக்காமல் சொல்ல வேண்டும். காதுக் கருவி பொருத்திய பிறகு அந்த 30 மார்க் சோதனையை மறுபடி வைப்பார்களா. நான் வீட்டில் கேட்டுக் கேட்டு அவளுக்கு அது பழகியிருக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

அம்மா தயாராகிவிட்டாள். தோடு மாட்டியிருக்கிறாளா என்று காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். "டாக்டர் மறுபடி கடிகாரம் போடச் சொல்வாரா?" என்று கேட்டாள். என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள், "சொன்னா நீ தலையாட்டாத" என்றாள்.

தம்பி வண்டி வந்துவிட்டது