தேங்காய் விற்ற சிறுவனின் பெருக்கல்

வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கில் சொந்தமாக யோசிக்க வராது என்ற பேச்சை ஆசிரியர் அறையில் கேட்கும்போதெல்லாம், பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தேங்காய் விற்ற 12 வயதுச் சிறுவன் ஒருவன் என் நினைவுக்கு வருகிறான்.

உளவியலாளர் தெரெசின்யா நூனிஸ் குழுவினர் 1985இல் வெளியிட்ட ஆய்வுக்காக, தெருவில் பொருள் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளர்களைப் போல விலை கேட்டார்கள். ஒரு தேங்காய் 35 குருசெய்ரோ (அன்றைய பிரேசில் நாணயம்), நான்கு எவ்வளவு என்று கேட்டதும், மூன்றின் விலையான 105ஐ எடுத்துக்கொண்டு, அதன்மேல் முதலில் 30ஐயும் பிறகு மீதியையும் சேர்த்து 140 என்றான் அவன். பின்னர் அதே 35 × 4ஐத் தாளில் போடச் சொன்னபோது, நாலைந்து இருபது, மீதி இரண்டு என்று தொடங்கி, அந்த இரண்டை, பெருக்குவதற்கு முன்பே மூன்றோடு கூட்டி, வந்த ஐந்தை நான்கால் பெருக்கி, 200 என்று விடை சொன்னான். தெருவில் யாராவது அந்த விலை சொல்லியிருந்தால் அவனே சிரித்திருப்பான். அந்த ஐவரும் வியாபாரத்தில் 98.2 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். வெறும் எண்களாகக் கொடுத்தபோது அது 36.8 ஆகச் சரிந்தது.

இதையே கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளிடம் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் சோதித்து 2025இல் வெளியிட்டார்கள். சந்தைக் கணக்கில் தேர்ந்தவர்கள் பாடப்புத்தகக் கணக்கில் திணறினார்கள். பாடக்கணக்கில் தேர்ந்த பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டாவது பாதியை ஆசிரியர் அறையில் யாரும் பேசுவதில்லை.

எண்ணைப் பிரித்துச் சேர்த்த அந்தச் சிறுவனின் வழி படைப்பாற்றல்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. 19 × 6ஐ 120இலிருந்து ஆறைக் கழித்துச் சொன்ன மாணவிக்கு, படிகளை எழுதவில்லை என்பதற்காக நானே மதிப்பெண் குறைத்திருக்கிறேன். ஆயினும் வறுமை மூளையைத் தீட்டுகிறது என்று புகழ்வதும் எனக்கு உடன்பாடில்லை. வாங்குபவர் காத்து நிற்கையில் விரைவான ஒரு வழி போதும். இரண்டாவது வழியைத் தேடவும், தவறான பாதையில் அரைமணி நேரம் சும்மா நடந்து பார்க்கவும் வேண்டிய ஓய்வு வசதியான வீட்டில்தான் எளிதாகக் கிடைக்கிறது. மாலையில் தாயின் பூக்கடையில் உட்காரும் அந்த மாணவியிடம் வேறு வழி இருக்கிறதா என்று கேட்டபோது, "அதான் விடை வந்துடுச்சே, சார்" என்றாள்.