ஸ்கானில "இரத்தக்கட்டு" எண்டு எழுதியிருந்தா

அயலில கர்ப்பமா இருக்கிற ஒரு பிள்ளைக்கு மூண்டாம் மாசத்தில கொஞ்சம் இரத்தம் பட்டிட்டுது. உடன, "குடம் தூக்கினவள், மோட்டார் சைக்கிள்ல திரிஞ்சவள்" எண்டு ஊரே கதைக்கத் தொடங்கீட்டுது. ஏற்கெனவே பயந்துபோய் இருக்கிறவளுக்கு இதுவும் தேவையா?

கருவைச் சுத்தியிருக்கிற பையின்ர வெளிச்சவ்வுக்கும் கர்ப்பப்பைச் சுவருக்கும் இடையில இரத்தம் சேருறதுதான் ஸ்கானில எழுதுற இந்த இரத்தக்கட்டு. அந்தச் சவ்வு சுவரில இருந்து கொஞ்சம் விலகினா வரும். அனேகமா ஏன் வந்தது எண்டு டொக்டர்மாராலயே சொல்ல ஏலாது. அவள் செய்த வேலையால வந்ததெண்டு நீங்கள் எப்பிடித் தீர்ப்புச் சொல்லுவியள்?

குழந்தையின்ர இதயத்துடிப்பு தெரிஞ்சு, கட்டும் சின்னனா இருந்தா, பெரும்பாலும் பிள்ளை நல்லபடியா வளரும். கட்டு மெல்ல மெல்லக் கரையும், இல்லாட்டி கொஞ்சநாள் மண்ணிறமாப் படும். பெரிய கட்டெண்டா ஆபத்துக் கூட, அதுக்குத்தான் திரும்ப ஸ்கான் எடுக்கச் சொல்லுறவை. முழுநாளும் படுத்தே கிடந்தா கரு தங்கும் எண்டதுக்கு ஆதாரம் இல்லை.

ஆனா எந்த இரத்தப்போக்கையும் காட்டாமல் விடாதேங்கோ. கர்ப்பப்பைக்கு வெளியில கரு தங்கினாலும் இப்பிடித் தொடங்கலாம். பாட் ஒரு மணித்தியாலத்தில நனைஞ்சா, வயித்துவலி கடுமையா இருந்தா, தலைசுத்தினா, தோள்மூட்டு நொந்தா, கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ காலமை பஸ் வரட்டும் எண்டு இருக்கக்கூடாது. 1990க்கு அடியுங்கோ, அந்த அம்புலன்ஸ் இலவசம். கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கோ. இரத்தவகை நெகற்றிவ் எண்டா அதைக் கட்டாயம் சொல்லுங்கோ, ஊசி தேவைப்படலாம்.