மாடியில தறி போட்டிருக்கறயா தம்பி?

சூலூரில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப் பகுதியில் வீட்டுக்காரரும் அவருடைய அம்மாவும் இருக்கிறார்கள். ஆத்தாவுக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். முழங்கால் வலி என்று படியேறவே மாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்து கதவைத் தட்டினார்.

“ஏந்தம்பி, மேல தறி ஏதாச்சு போட்டிருக்கறயா?”

“இல்லீங்காத்தா, சின்ன மிசினுங்க. மரத்துல பேர் வெட்டறதுங்க.”

“தறிச் சத்தத்துலயே பொறந்து வளந்தவ நானு. அது ஒரே தாளத்துல போகும், தூக்கம் வரும். இது என்னமோ மாடு உறுமற மாதிரியல்ல இருக்குது!”

ஆத்தா சொன்னது சரியான விவரணை. கணினி சொல்கிறபடி தானே நகர்ந்து மரத்தை வெட்டுகிற என்னுடைய சிஎன்சி மெஷினின் ஒய் அச்சு (எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று திசையில் அது நகரும்) அப்படித்தான் உறுமிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதை நகர்த்துகிற ஸ்டெப்பர் மோட்டார் (ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுழல்கிற வகை) என்றால் சத்தம் போடத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். நூல் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்துகொண்டு இப்படிச் சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மெஷின் சின்னதுதான். வெட்டும் பரப்பு ஒன்றரைச் சாண் நீளம்கூட வராது. ஒரு பொறியியல் மாணவரிடம் பழையதாக வாங்கினேன். மூன்று அச்சுக்கும் 17ஹெச்எஸ்4401 என்கிற நெமா 17 அளவு மோட்டார், 1.7 ஆம்பியர், சுற்றுக்கு 200 ஸ்டெப். 8 மி.மீ. லீடு உள்ள, அதாவது ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்துகிற டி8 ஸ்க்ரூ. மூளையாக ஆர்டுயினோ ஊனோ என்கிற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, அதன் தலையில் சிஎன்சி ஷீல்டு என்கிற இணைப்புப் பலகை, அதில் மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுக்கிற மூன்று ஏ4988 டிரைவர். மென்பொருள் ஜிஆர்பிஎல். கடைகளில் கிடைக்கிற கிட்களில் பாதிக்கு மேல் இதே கூட்டணிதான், அதனால் இதே தொல்லை உங்களுக்கும் இருக்கலாம்.

முதலில் செய்தது தப்பு. ஒய் மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டி 700 ரூபாய்க்குப் புது மோட்டார் வாங்கி மாட்டினேன். அதுவும் உறுமியது. பழையதைவிட ஒரு கட்டை கூடவே.

அதற்கப்புறம்தான் மில்லில் தினமும் செய்வதை வீட்டில் ஏன் செய்யவில்லை என்று தோன்றியது. நீளமான திருப்புளியின் நுனியை பேரிங் இருக்கும் இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்பது. நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் வரிசைக்கு நடுவில் நின்றால் பக்கத்தில் இருப்பவன் கத்துவதுகூடக் கேட்காது. ஆனால் திருப்புளி வைத்தால் எந்த பேரிங் காய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது அப்பா. அவரும் மில் ஃபிட்டர்தான்.

வைத்துக் கேட்டதும் புரிந்தது, நான் ஒரு சத்தம் என்று நினைத்ததில் நாலு சத்தம் இருந்தது. எக்ஸ் அச்சில் திசை மாறும்போதெல்லாம் ஒரு ‘டக்’. ஒய் அச்சில் உறுமல். எதுவும் ஓடாமல் சும்மா நிற்கும்போது பாம்பு சீறுவது போல மெல்லிய இரைச்சல். இந்த மூன்றையும் வாங்கிப் பெருக்கிக் கொடுக்கிற மேசை நாலாவது.

எக்ஸ் ‘டக்’ அரை மணி நேரத்தில் போய்விட்டது. மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கிற கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரைத் தனியாக ஓட்டினேன், சத்தமில்லை. அப்படியென்றால் கோளாறு மின்சாரத்தில் இல்லை, இரும்பில் இருக்கிறது. கப்ளிங்கை ஷாஃப்டோடு இறுக்கிப் பிடிக்கிற கிரப் ஸ்க்ரூ ஒன்று லேசாக விட்டிருந்தது. மோட்டார் ஷாஃப்டில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருப்பார்கள். கிரப் ஸ்க்ரூ அந்தத் தட்டையின் மேல் உட்கார வேண்டும். இதில் உருண்டைப் பக்கத்தில் இறுக்கியிருந்தார்கள். திருப்பி வைத்து, திருகு விடாமல் பிடிக்கிற நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்கினேன். அவ்வளவுதான்.

ஒய் அச்சில் அதே சோதனை நேரெதிரான பதிலைச் சொன்னது. கப்ளிங்கைக் கழற்றி, மோட்டாரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினாலும் உள்ளங்கை அதிர்ந்தது. சரி, மோட்டார், வயர், டிரைவர், ஷீல்டு, இந்த நாலில் ஒன்று. மின்சாரத்தை அணைத்துவிட்டு எக்ஸ் மோட்டாரின் பிளக்கை ஒய் சாக்கெட்டில் செருகினேன். (அணைக்காமல் பிளக்கைப் பிடுங்கினால் டிரைவர் போய்விடும். எனக்கு ஏற்கெனவே ஒன்று போயிருக்கிறது.) நேற்று வரை சாதுவாக இருந்த எக்ஸ் மோட்டார் அங்கே போனதும் உறுமியது. அப்போது மோட்டாரும் இல்லை, வயரும் இல்லை. 700 ரூபாய் என்னைப் பார்த்துச் சிரித்தது. அடுத்து டிரைவர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். சத்தம் டிரைவர் கூடப் போகவில்லை, ஒய் இடத்திலேயே நின்றது.

டீ போட்டுக் குடித்துவிட்டு, கணினியில் $$ என்று அடித்து ஜிஆர்பிஎல் அமைப்புகளை வரிசையாகப் பார்த்தேன். ஒரு மி.மீ. நகர எத்தனை ஸ்டெப் என்பதைச் சொல்லும் வரிகள் $100, $101, $102. எக்ஸுக்கு 400. இசட்டுக்கு 400. ஒய்க்கு 50.

இந்த 50-ஐ நான் முதல் நாளே பார்த்திருக்கிறேன் என்பதுதான் வேடிக்கை. ஒய்க்கு வேறு மாதிரி ஸ்க்ரூ போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அளவும் சரியாகத்தான் வெட்டியது, யாருக்குச் சந்தேகம் வரும்? இப்போது ஸ்க்ரூவைக் கையால் ஒரு சுற்று சுற்றி அளந்தேன். 8 மி.மீ. மற்ற இரண்டும் எப்படியோ அப்படியே. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 200 ஸ்டெப்பை 8 மி.மீ.யால் வகுத்தால் மி.மீ.க்கு 25. டிரைவர் ஒரு ஸ்டெப்பை 16 துண்டாக்கினால் 400. இரண்டே துண்டாக்கினால் 50. ஒய் மட்டும் அரை ஸ்டெப்பில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

எத்தனை துண்டு என்பதை ஷீல்டில் டிரைவருக்கு அடியில் இருக்கும் மூன்று ஜம்பர்கள் (இரண்டு ஊசிகளை இணைக்கும் குட்டி மூடிகள்) தீர்மானிக்கும். ஏ4988-க்கு மூன்றும் போட்டால் 1/16, முதலாவது மட்டும் போட்டால் 1/2, எதுவும் போடாவிட்டால் முழு ஸ்டெப். டிரைவரை மேலே செருகிவிட்டால் ஜம்பர் இருக்கிறதா இல்லையா என்று வெளியே தெரியாது. கழற்றிப் பார்த்தேன், ஒன்றுதான் இருந்தது. டிரைவரை இடம் மாற்றியபோதுகூட நான் கீழே குனிந்து பார்க்கவில்லை. பழைய உரிமையாளர் எப்போதோ இரண்டைத் தொலைத்துவிட்டு, ஒய் எட்டு மடங்கு தூரம் ஓடுகிறதே என்று $101-ஐ மாற்றிச் சமாளித்திருக்க வேண்டும். அவரைத் திட்ட மனம் வரவில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கடைக்குப் போகச் சோம்பல். பழைய ஐடிஇ ஹார்டு டிஸ்க் ஒன்று பரணில் கிடந்தது, அதன் பின்பக்க ஜம்பரில் இரண்டைப் பிடுங்கிப் போட்டேன். $101=400. ஓட்டினேன். மாடு போய் பூனை வந்தது.

ஏன் அவ்வளவு வித்தியாசம் என்றால், ஸ்டெப்பர் மோட்டார் உருண்டு ஓடுவதில்லை, குதித்துக் குதித்துப் போகிறது. ஒவ்வொரு குதிக்கும் ரோட்டார் போய் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி, திரும்பி, ஆடி அடங்கும். அந்த ஆட்டத்துக்கென்று ஒரு வேகம் உண்டு. இந்த அளவு மோட்டார்களில் பெரும்பாலும் நொடிக்கு நூறு இருநூறு முழு ஸ்டெப்பை ஒட்டி அது வரும். நான் மரம் வெட்டுவது நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகத்தில். அதாவது நொடிக்கு 5 மி.மீ., அதாவது 125 முழு ஸ்டெப். நேராகப் போய் அந்தக் குழியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்! பழைய டவுன் பஸ்ஸில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஜன்னல் ஷட்டரெல்லாம் கடகடவென்று ஆடும், டிரைவர் கொஞ்சம் மிதித்தால் அடங்கிவிடும். அதே கதைதான். ஸ்டெப்பைத் துண்டு துண்டாக்கினால் குதி சின்னதாகிறது, ஆட்டமும் சின்னதாகிறது. வேகத்தை 600-க்கு ஏற்றினாலும் குறைந்திருக்கும். ஆனால் வெட்டும் பிட்டைச் சுழற்றுகிற என் ஸ்பிண்டில் தேக்கில் அந்த வேகத்துக்குத் தாங்காது.

மீதி இருந்த உறுமலுக்குக் காரணம் கரண்ட். டிரைவர் மேல் இருக்கும் குட்டித் திருகைத் திருப்பினால் மோட்டாருக்குப் போகும் ஆம்பியர் மாறும். மல்டிமீட்டரின் ஒரு முனையை கிரவுண்டிலும் மற்றதை அந்தத் திருகின் உலோகத்திலும் வைத்தால் ஒரு வோல்ட் அளவு வரும். அதை 8-ஆலும் சென்ஸ் ரெசிஸ்டர் மதிப்பாலும் வகுத்தால் ஆம்பியர். என் போர்டில் ரெசிஸ்டர் மேல் ஆர்100 என்று இருந்தது, அதாவது 0.1 ஓம். எனக்கு வந்தது 1.24 வோல்ட், 0.8-ஆல் வகுத்தால் 1.55 ஆம்பியர். மோட்டார் அதைத் தாங்கும், நகக்கண் அளவு ஹீட்சிங்க் ஒட்டிய ஏ4988 தாங்காது. சூடேறித் தானே அணைந்து மறுபடி உயிர் பெறும்போது ‘டொக்’ என்று ஒரு ஸ்டெப் தவறும். 0.8 வோல்ட்டுக்கு, அதாவது 1 ஆம்பியருக்கு இறக்கினேன். வேலைக்கு அது போதுமானதாக இருக்கிறது. உங்கள் போர்டில் ரெசிஸ்டர் வேறாக இருந்தால் கணக்கும் வேறு, என் எண்ணைக் காப்பியடிக்காதீர்கள். திருப்பும்போது திருப்புளி வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டால் அந்த டிரைவருக்குச் சாவு.

நிற்கும்போது வரும் சீறல் வேறு ஜாதி. மோட்டார் நகராமல் பிடித்து நிற்கவும் கரண்ட் வேண்டும். டிரைவர் அந்தக் கரண்டை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டிக் கட்டுப்படுத்துகிறது. அந்த வெட்டு நம் காதுக்கு எட்டும் எல்லைக்குள் இறங்கினால் ‘ஸ்ஸ்ஸ்’. நின்ற பிறகு எவ்வளவு நேரம் பிடித்திருக்க வேண்டும் என்று சொல்லும் $1-இல் 255 என்று இருந்தால் மோட்டார் எப்போதும் பிடித்தபடியே இருக்கும். அதை 25 ஆக்கினால் நின்ற மறுகணம் விட்டுவிடும், சத்தமே இல்லை. ஆனால் விடும்போது ரோட்டார் கொஞ்சம் நகர்ந்து உட்காரலாம், பிட்டை மாற்றிவிட்டு மறுபடி ஆரம்பித்தால் கோடு விலகும். நான் 255-லேயே வைத்திருக்கிறேன்.

சீறலுக்காக எக்ஸ், ஒய் இரண்டுக்கும் டிஎம்சி2209 என்கிற வேறு டிரைவர் வாங்கிப் போட்டேன். இதைப் பற்றி எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்கள். உண்மையிலேயே மோட்டார் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்கும் அளவுக்கு அமைதி. ஆனால் மூன்று இடத்தில் கால் இடறியது. ஒன்று, ஷீல்டின் முதல் இரண்டு ஜம்பர் போட்டால்தான் 1/16. மூன்றாவது இடத்தில் இந்தப் போர்டுக்கு வேறு வேலை, அது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது, அதனால் அதைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு, இரண்டு அச்சும் தலைகீழ்த் திசையில் ஓடின. திசையைத் திருப்பும் அமைப்பில் $3=3 போட்டதும் சரியானது. மூன்றாவதுதான் வலித்தது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட பெயர்ப்பலகை, நல்ல தேக்கு. பாதி எழுத்து வரை அருமையாக வந்து, அப்புறம் மொத்தமும் 3 மி.மீ. நகர்ந்துவிட்டது. அமைதியாக ஓட்டும் அந்த முறையில் திடீர் வேகமும் திடீர் பாரமும் வந்தால் மோட்டார் பிடி விடுகிறது. அதையும் சத்தமில்லாமல் செய்வதால் நமக்குத் தெரிவதே இல்லை. ஏ4988 இருந்தபோது ஸ்டெப் தவறினால் ஒரு கத்தலாவது கேட்கும். வேகம் எவ்வளவு சீக்கிரம் ஏற வேண்டும் என்று சொல்லும் $120, $121 இரண்டையும் 200-லிருந்து 100-க்கும், அதிகபட்ச வேகத்தை 2000-லிருந்து 1200-க்கும் இறக்கிய பிறகு இதுவரை தவறவில்லை. இசட் அச்சில் ஸ்பிண்டில் எடை தொங்குவதால் அங்கே ஏ4988-ஐ மாற்றவில்லை. கொஞ்சம் சீறட்டும்.

மேசைக்கு வைத்தியம் செய்தது மாட்டுத் தீவனக் கடை. தொழுவத்தில் மாடு வழுக்காமலிருக்கப் போடுகிற கனமான ரப்பர் பாய் அங்கே கிடைக்கும். ஒரு துண்டு வெட்டி வாங்கி மேசையில் விரித்து, அதன்மேல் சமையலறை வேலையில் மிஞ்சிக் கிடந்த கடப்பாக்கல் பலகை, அதன்மேல் மெஷின். அதற்கு முன் மெஷின் நின்றது உள்ளே வெற்றாக இருக்கும் தகர மேசையில். தவில் மேல் உட்கார வைத்த மாதிரி. டிரைவர் மாற்றியதில் குறைந்ததைவிடக் கல்லும் பாயும் போட்டதில் கீழ் வீட்டுக்குக் குறைந்ததுதான் அதிகம் என்று நினைக்கிறேன், செலவும் கால்வாசிதான்.

போன ஞாயிறு இறங்கும்போது ஆத்தாவிடம் கேட்டேன்.

“இப்ப சத்தம் வருதுங்களா ஆத்தா?”

“தறி நின்னுபோச்சு. ஆனா மத்தியானமெல்லாம் மிக்சி ஓடுதே, அப்படி என்னத்தத் தம்பி அரைக்கற?”

மேலே போய் ஓட்டிப் பார்த்தேன். ஸ்பிண்டில். அது முதல் நாளிலிருந்தே அப்படித்தான் கத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும், உறுமலில் கேட்காமல் போயிருக்கிறது. திருப்புளி வைத்துக் கேட்டதில் மேல் பேரிங் காய்ந்திருப்பது போலத் தெரிகிறது. இந்த வாரம் நைட் ஷிஃப்ட். அடுத்த வாரம்தான் கழற்ற வேண்டும்.