ஷார்க் கப்பல் மாதிரி: கொடியை எங்கே கட்டுவது?

பிரிட்டிஷ் கடற்படையின் ஷார்க் என்ற நாசகாரிக் கப்பலின் மாதிரியைத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. உடல் முடிந்து மூன்று புகைபோக்கிகளும் நின்றுவிட்டன. 1912இல் கடலில் இறங்கிய அசல் கப்பலின் நீளம் 81.5 மீட்டர், அகலம் 8 மீட்டர் சொச்சம். 1/200 அளவில் எனக்கு 41 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம். இவ்வளவு ஒல்லியான உடலைப் பால்சா மரத்தில் செதுக்கும்போது ஒரு பக்கம் உப்புத்தாள் கொஞ்சம் கூடுதலாகப் பட்டாலே கோணல் தெரிந்துவிடுகிறது. இரண்டு முறை பட்டி பூசித் தேய்த்த பிறகுதான் நேரானது.

முதலில் புத்தம்புதுக் கப்பலாகத்தான் செய்ய நினைத்தேன். அதன் தலைவர் கமாண்டர் லோஃப்டஸ் ஜோன்ஸைப் பற்றிப் படித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. 1879இல் ஹாம்ப்ஷயரின் பீட்டர்ஸ்ஃபீல்டில் பிறந்தவர், தந்தையும் கடற்படை அட்மிரல். 1914 டிசம்பர் 16, ஜெர்மானியர் இங்கிலாந்துக் கடற்கரை ஊரான ஸ்கார்பரோவைத் தாக்கிய அன்று, ஷார்க்கோடு சில நாசகாரிகளை நடத்திக்கொண்டு ரோன் என்ற ஜெர்மன் கவசக் கப்பலை விடாமல் பின்தொடர்ந்தவர் இவர்தான்.

1916 மே 31, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லாந்துப் போர். குண்டுபட்டு ஷார்க்கின் சுக்கான் பழுதானது. முகத்திலும் தொடையிலும் காயத்தோடு ஜோன்ஸ் பின்பக்கச் சுக்கான் சக்கரத்தை இணைக்க ஓடினார். உதவ வந்த அகாஸ்டா என்ற இன்னொரு நாசகாரியிடம், எங்களுக்காக நீங்கள் மூழ்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கடைசியில் நடுப் பீரங்கி மட்டுமே மிஞ்சியது, அதை இயக்க மூன்றே பேர். அங்கே நின்றபோதுதான் ஒரு குண்டு அவர் காலை முழங்காலுக்கு மேலே துண்டித்தது. ஒருவர் தொடையில் கட்டுப்போட, இவர் உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அதனால் அந்த நடுப் பீரங்கிக்கு மட்டும் நான்கு நாள் கொடுத்தேன். குழாய்க்குத் தடித்த சிரிஞ்சு ஊசியை 2 செ.மீ. அளவில் வெட்டினேன். கவசத் தகட்டுக்குக் குளிர்பானக் கேன் தகடு. பின்பக்கச் சக்கரம், 5 மி.மீ. விட்டத்தில் செம்புக் கம்பி வளையம்.

அப்புறம் கொடி. அதைத் தாங்கிய கட்டை குண்டில் போய்விட்டது. கொடி சரியாகப் பறக்கவில்லை என்பதைக் கவனித்த ஜோன்ஸ் வேறொன்றை ஏற்றச் சொன்னார். கொடிமரத்தின் குறுக்கே இருக்கும் பருமலில் அதை ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் டார்ப்பிடோ தாக்கிக் கப்பல் மூழ்கியது. பிழைத்தவர்கள் ஆறு பேர். டென்மார்க் கப்பல் ஒன்று அவர்களைத் தூக்கியது. ஜோன்ஸின் உடல் சில வாரம் கழித்து ஸ்வீடன் கரையில் ஒதுங்கியது. 1917 மார்ச்சில் அவருக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது. நடந்ததையெல்லாம் தப்பியவர்களிடம் அவர் மனைவி கேட்டுக்கேட்டுத் தொகுத்திருக்காவிட்டால், எந்த இடத்தில் எந்தக் கயிறு என்று நான் யோசிக்கக்கூட வழியில்லை.

கொடியை மெல்லிய காகிதத்தில் வரைந்து, ஈரப் பசை தடவி, பென்சிலில் சுற்றி வளைவு கொடுத்தேன். மூன்றாவது முறைதான் சாயம் கலையாமல் வந்தது. நேற்று இரவு அதைப் பருமலில் கட்டினேன். உடைந்த கட்டையின் அடித்துண்டை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.