ஆறு பள்ளிகளும் ஒரு மதிப்பெண் படிவமும்

ஒரு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையும் கோபி, சத்தியமங்கலம், அந்தியூர் வட்டாரங்களைச் சேர்ந்த ஆறு பள்ளிகளும் சேர்ந்து, பி.எட். மாணவர்களைத் தொழில்நுட்பத்தோடு பாடம் நடத்தப் பழக்கும் திட்டமொன்றை நடத்தி வந்தன. அதை மதிப்பிடும் மூவர் குழுவில் நானும் இருந்தேன். முதல் நாள் எங்கள் மேசைக்கு வந்தவை புரிந்துணர்வு ஒப்பந்தம், பயிற்சி நாட்களின் வருகைப் பதிவேடு, ஸ்மார்ட் போர்டு திறப்பு விழாப் படங்கள். மூன்றிலும் கனமானது படங்களின் கோப்புதான்.

பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு ஆகிய மூன்றும் கலக்குமிடமே ஆசிரியரின் திறன் என்று கல்வி ஆய்வாளர்கள் மிஸ்ராவும் கோலரும் 2006-இல் முன்வைத்த சட்டகத்தை ஒட்டி, நாங்கள் முதலில் ஒரு கருத்துப் படிவம் தயாரித்தோம். பயிற்சி மாணவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ‘மிக நன்று’ என்று குறித்துத் தந்தார்கள். பயிற்சி மதிப்பெண்ணைக் கையில் வைத்திருக்கும் துறையின் வழியாகவே படிவத்தைக் கொடுத்தனுப்பினால் வேறென்ன வரும்? அதை ஒதுக்கிவிட்டு வகுப்புகளில் போய் உட்காருவதென்று முடிவு செய்தோம். தேர்வுகளும் உள்ளூர்ப் பண்டிகைகளும் குறுக்கிட்டதில் அனுமதி கிடைத்து முடிப்பதற்கே ஒன்றரை மாதம் ஓடிவிட்டது.

வகுப்பு நோக்கும் படிவத்தை வடிவமைத்தவன் நான், தவறும் என்னுடையதே. தொழில்நுட்பம் பயன்பட்ட நிமிடங்களுக்கு மதிப்பெண் வைத்திருந்தேன். ஒரு பள்ளியில் பாடநூலின் க்யூஆர் குறியீட்டிலிருந்து காணொலியை ஓடவிட்டு, 25 நிமிடம் சுவரோரம் நின்ற பயிற்சி மாணவர் என் கணக்கில் முதலிடம் பெற்றார்.

அந்தியூர்ப் பக்கத்துப் பள்ளியில் வேறொன்றைப் பார்த்தேன். ஒரு பயிற்சி மாணவி தன் எட்டாம் வகுப்புப் பாடத்தைக் கைபேசியில் பதிவு செய்து வைத்திருந்தார். மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் அமர்ந்து, வழிகாட்டி ஆசிரியை அதைப் பார்த்தபடி ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். “கேள்வியக் கேட்டுப்போட்டு, பதிலையும் நீயே சொல்லிப்போடற பாரு அம்மிணி. பசங்க யோசிக்க வேண்டாமா?” மாணவி அந்த இடத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் ஒரு நொடியளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீளும் என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் எழுதியதை நான் வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு பயிற்சி மாணவிக்கு அது உறைத்ததைக் கண்ணால் கண்டது அன்றுதான். என் படிவத்தில் அந்தப் பத்து நிமிடத்தைக் குறிக்கக் கட்டமே இல்லை.

படிவத்தை மாற்றி, ஆறு பள்ளிகளுக்கும் மறுபடி போனோம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (NCTE) 2014 விதிமுறைகளின்படி இரண்டாண்டு பி.எட். படிப்பில் பள்ளிப் பயிற்சிக்கு 20 வாரம் உண்டு. அத்தனை வாரமும் பயிற்சி மாணவரோடு இருக்கும் பள்ளி ஆசிரியருக்கோ, அவரோடு அமர்ந்து பேச ஒரு பாடவேளைகூட ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. ஒப்பந்தத்தில் கருவிகளுக்கு இரண்டு பக்கம். வழிகாட்டி ஆசிரியருக்கு ஒரே வரி. இதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதினோம். அந்தப் பத்தியைப் பின்னிணைப்புக்கு மாற்ற முடியுமா என்று துறையில் கேட்டார்கள், மாற்றவில்லை.

வழிகாட்டி ஆசிரியர் பயிற்சி மாணவரோடு அமர்ந்து பேச வாரம் ஒரு பாடவேளை வேண்டும் என்ற எங்கள் பரிந்துரையை நான்கு பள்ளிகள் கால அட்டவணையில் சேர்த்திருக்கின்றன. மற்ற இரண்டிலும் கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பதால், வழிகாட்டி ஆசிரியர்கள் அந்த வேளையில் வேறு வகுப்புக்குப் போகிறார்கள்.