எந்தக் குடையின் பின்னால் போவது?

செக் நாட்டுத் தலைநகரான பிராக்கின் பழைய சதுக்கத்தில் காலையில் போய் நின்றால், ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் எங்கு பார்த்தாலும் குடைதான். மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை. ஒவ்வொரு குடையின் அடியிலும் ஒரு வழிகாட்டி. தன்னுடைய நடைச் சுற்றுலாவில் வராதவன் பிராக்கையே பார்க்கவில்லை என்கிற முகத்தோடு நிற்பார்.

எங்கள் கட்சியில் நாலு பேர், நாலு கொள்கை. மகனுக்குப் பேய்ச் சுற்றுலா வேண்டும். அது இருட்டிய பிறகுதான். மனைவிக்குக் கோட்டை, பாலம் இரண்டும் ஒரே நடையில் முடியவேண்டும். காரைக்குடியிலிருந்து வந்திருந்த மாமியாருக்கு நடுவில் உட்கார இடம் வேண்டும். மதுக்கடைச் சுற்றுலா என்றும் ஒரு பலகை இருந்தது. மாமியார் பக்கத்தில் இருந்ததால் அதை நான் படிக்கவில்லை; அதாவது, இரண்டாம் முறை படிக்கவில்லை.

நான் இலவசச் சுற்றுலாவின் பக்கம். கட்டணம் இல்லை, பிடித்திருந்தால் முடிவில் விரும்பியதைக் கொடுக்கலாம். மனைவி ஒரே வாக்கியத்தில் கதையை முடித்தாள்: "கடைசியில் அவர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார், நீங்கள் எவ்வளவு கொடுப்பது என்று அரைமணி நேரம் கணக்குப் போடுவீர்கள்." அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. இப்படிப்பட்ட சுற்றுலாக்கள் பலவற்றில், வழிகாட்டி வந்தவர்களின் தலையை எண்ணி நிறுவனத்துக்குப் பணம் கட்டவேண்டும். ஆரம்பத்திலேயே எல்லோரையும் நிற்கவைத்து அன்போடு ஒரு குழுப்படம் எடுக்கிறார்களே, அது பல இடங்களில் தலைக்கணக்கு.

எதுவும் முடிவாகாததால் வானியல் கடிகாரத்தின் அடியில் நின்று ஓசியில் காதுகொடுத்தோம். மஞ்சள் குடைக்காரர், ஹனுஷ் என்ற மேதைதான் அதைச் செய்தவர் என்றும், வேறு ஊருக்கும் அப்படி ஒன்று செய்துவிடக் கூடாது என்று நகர சபையார் அவர் கண்களைக் குருடாக்கிவிட்டார்கள் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் ஈரம் வேறு. நாலடி தள்ளி நின்ற சிவப்புக் குடைக்காரி, அதெல்லாம் கட்டுக்கதை, 1410-இல் மிக்குலாஷ் என்ற கடிகாரக் கம்மியர் செய்தது என்றாள். உண்மை சிவப்பின் பக்கம்; கூட்டம் மஞ்சளின் பக்கம்.

மணி அடித்தது. கடிகாரத்தில் இருக்கும் எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுக்க, மேலே இரண்டு சன்னல்களிலும் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்கள் வரிசையாக எட்டிப் பார்த்தார்கள், சேவல் ஒரு தரம் கூவியது, சன்னல் மூடிக்கொண்டது. "அவ்வளவுதானா?" என்று அத்தனை மொழிகளிலும் ஒரு முணுமுணுப்பு. எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மேலே பார்க்கிற அந்த நேரம் பிக்பாக்கெட்காரர்களுக்கு முகூர்த்தம். நான் பர்ஸைப் பிடித்துக்கொண்டே பார்த்ததால் பாதி அப்போஸ்தலர்களைத் தவறவிட்டேன்.

அதற்குள் மாமியார் முடிவெடுத்துவிட்டார். ஓரமாக, குடை இல்லாமல், குச்சியில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்ற வயதான அம்மாள்.

"அவர்தான் மாப்பிள்ளை. செருப்பைப் பாருங்கள்."

பார்த்தேன். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தது. மற்றவர்கள் காலில் எல்லாம் பளபளக்கும் புது ஷூ. கட்டணத்தை முன்னாலேயே சொன்னார், குழுவும் சின்னது. மனைவிக்கும் மறுப்பில்லை.

அந்த அம்மாள் கூட்டத்தை விலக்கி முதலில் தரையைக் காட்டினார். நடைபாதையில் 27 வெள்ளைச் சிலுவைகள். 1621-இல் அங்கே மரணதண்டனை பெற்ற 27 பேருக்காகப் பதித்தவை. அதன்மேல்தான் அவ்வளவு நேரம் நின்று நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம்.

பிறகு சார்லஸ் பாலம். மன்னர் நான்காம் சார்லஸ் 1357-ஆம் ஆண்டு, 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், காலை 5:31-க்கு அடிக்கல் நாட்டினார் என்பார்கள். வரிசையாக எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1. மகன் மொழிபெயர்த்துச் சொன்னதும் மாமியாரின் முகம் மலர்ந்தது. "நாள் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்!" சோதிடத்தில் அந்த மன்னருக்கு நம்பிக்கை உண்டு என்று வழிகாட்டி அம்மாளும் தலையாட்டினார்.

அடுத்தது முட்டைக் கதை. பாலத்தின் சாந்தில் கலக்க நாடெங்கும் முட்டை கேட்டார்களாம். வெல்வரி என்ற ஊர்க்காரர்கள் வழியில் உடையாமலிருக்க வேகவைத்து அனுப்பினார்களாம். எல்லோரும் சிரித்தார்கள், மாமியார் சிரிக்கவில்லை.

"எங்கள் ஊர் வீட்டுச் சுவருக்கெல்லாம் வெள்ளைக்கருதான் பூசியிருக்கிறது. இங்கே மஞ்சள்கருவை என்ன செய்தார்கள் என்று கேள்."

மகன் கேட்டான். இத்தனை வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை என்று அந்த அம்மாள் பாலத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார். அப்புறம் எங்களை மறந்து அவரும் மாமியாரும் சாந்து, சுண்ணாம்பு என்று கையாலேயே பேசிக்கொண்டு நடந்தார்கள்.

பாலத்தில் இருக்கும் புனிதர் நெபோமுக் யோவானின் சிலைக்கு அடியில் வெண்கலத் தகடு பளபளத்தது. 1393-இல் அவரை இந்த ஆற்றில்தான் தள்ளினார்கள். அந்தத் தகட்டைத் தொட்டால் கட்டாயம் மறுபடியும் பிராக்குக்கு வருவோமாம். வரிசையில் நின்று எல்லோரும் தொட்டார்கள். மாமியார் முறை வந்ததும் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

"தொடுங்கள் ஆயா!" என்றான் மகன்.

"மறுபடியும் இவ்வளவு தூரம் யார் நடப்பது? நீயே தொடு."