மேஜைக்கு அடியில் 21 சென்டிமீட்டர்

என் மேஜையின் பக்கப்பலகைக்கும் இழுப்பறை அடுக்குக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அகலம் 21 சென்டிமீட்டர், உயரம் 38, பின்சுவர் வரை ஆழம் 42. கணினியை வேறெங்கும் வைக்க வழியில்லை. மேஜைமேல் வைத்தால் எழுத இடமிருக்காது, தரையில் வைத்தால் காலை நீட்ட முடியாது. ஆகவே அந்தச் சந்துக்குள் அடங்கும் கேபினட்டை, அதாவது கணினிப் பாகங்களைப் பொருத்தும் வெளிப்பெட்டியைத் தேடினேன். ஒன்றை வாங்கி ஏமாந்து, இரண்டாவதை வாங்கிய பிறகுதான் காரியம் முடிந்தது.

மற்றப் பாகங்களை இணைக்கும் முக்கியப் பலகையான மதர்போர்டு விஷயத்தில் குழப்பமே இல்லை. வியா நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய மினி ஐடிஎக்ஸ் அளவுதான் இப்படிப்பட்ட இடத்துக்குச் சரி. பக்கத்துக்கு 17 சென்டிமீட்டர் கொண்ட சதுரம், விரித்த கையளவு. கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையிலும் சிறிய எஸ்எஃப்எக்ஸ் வகையையே எடுத்தேன். வழக்கமான ஏடிஎக்ஸ் பவர் சப்ளை 15 சென்டிமீட்டர் அகலமும் 8.6 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும், இது 12.5க்கு 6.35தான்.

கேபினட்டில்தான் கோட்டை விட்டேன். சிறிய கேபினட்டுகளை லிட்டர் கணக்கில் பேசுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி வரும் கொள்ளளவு அது. எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். 33 சென்டிமீட்டர் நீளம், 17 அகலம், 20.5 உயரம் கொண்ட ஒன்றைப் பிடித்தேன். பதினொன்றரை லிட்டர். சந்தில் வைத்தால் இருபுறமும் இரண்டிரண்டு சென்டிமீட்டர் மிச்சம். வாங்கிய அன்று பெருமையாகத்தான் இருந்தது.

அது நடுவில் ஒரு தகடு வைத்து, ஒரு பக்கம் மதர்போர்டையும் மறுபக்கம் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டையும் முதுகோடு முதுகு ஒட்டி நிறுத்தும் அமைப்பு. இரண்டையும் இணைப்பது ரைசர் கேபிள் என்ற பட்டையான ஒயர். முதல் தலைவலி அங்கேயே தொடங்கியது. எல்லாம் பொருத்தி முடித்து சுவிட்சைப் போட்டால் விசிறிகள் சுற்றுகின்றன, திரை மட்டும் கறுப்பு. கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் முறைக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர். கார்டு அதில் நான்காம் தலைமுறை, கேபினட்டோடு வந்த ரைசரோ மூன்றாம் தலைமுறைக்கானது. மதர்போர்டு தானாகவே வேகமான இணைப்பைப் பிடிக்கப் பார்க்கிறது, ஒயர் தாங்கவில்லை. நல்லவேளையாக என் பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. திரையை மதர்போர்டின் துளையில் செருகி, மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் பயாஸுக்குள் நுழைந்து, அந்த இணைப்பை மூன்றாம் தலைமுறைக்குக் கையால் மாற்றினேன். பிறகு கார்டில் படம் வந்தது. வேகம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது பிராசஸரின் சூட்டைத் தணிக்கும் கூலர். அதற்கு அந்தப் பெட்டி கொடுத்த உயரம் ஐந்தரை சென்டிமீட்டர்தான். தட்டையான கூலர் ஒன்று வாங்கினேன். அதன் விளிம்பு நினைவகப் பட்டையான ராமின் மேல் இருந்த அலங்காரத் தகட்டில் இடித்தது. மொட்டையான ராம் வாங்கி மாற்றினேன். அந்தத் தகட்டால் அழகைத் தவிர எனக்கு எந்தப் பயனும் இருந்ததில்லை, எனவே வருத்தமில்லை.

உண்மையான சிக்கல் பெட்டியைச் சந்துக்குள் தள்ளிய பிறகுதான் தெரிந்தது. காணொளி ஒன்றை வடிவம் மாற்ற விட்டேன். பத்து நிமிடத்தில் பிராசஸர் 95 டிகிரியைத் தொட்டு, தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பெட்டியை அப்படியே முன்னால் இழுத்து அறையின் நடுவில் வைத்தேன். 82 டிகிரிக்கு இறங்கியது. உள்ளே தள்ளினால் மறுபடியும் 95.

மெல்லிய காகிதத்தை விரல் அகலத்துக்குக் கிழித்து, சந்தின் வாயில் தொங்கவிட்டுப் பார்த்தேன். மேல்பக்கம் வெளியேறும் சூடான காற்று காகிதத்தை என் பக்கமாகத் தள்ளியது. ஒரு சாண் கீழே இறக்கியதும் அதே காகிதம் உள்ளே இழுபட்டுப் பக்கத் துளைகளில் ஒட்டிக்கொண்டது. இரண்டு சென்டிமீட்டர் இடைவெளிக்குள், தான் துப்பிய காற்றையே பெட்டி திரும்பக் குடித்துக்கொண்டிருந்தது. இந்த வகை கேபினட் மூச்சு விடுவது பக்கவாட்டில். என் சந்தில் அடைபட்டிருப்பதோ பக்கவாட்டு இரண்டும்தான். திறந்திருப்பது முன்னும் பின்னும். லிட்டர் கணக்கில் இது எங்கே தெரியப்போகிறது?

இரண்டாவது தடவை எண்ணை நம்பவில்லை. காற்றை முன்னால் இழுத்துப் பின்னால் தள்ளும் அமைப்பாகத் தேடி, 34 நீளம், 18 அகலம், 28 உயரம் என்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். 17 லிட்டர், முந்தையதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வாங்குவதற்கு முன் அட்டையில் அதே அளவுக்குப் பெட்டி ஒன்று செய்து, சந்தில் வைத்து ஒரு வாரம் வேலை பார்த்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். முன்பக்கத் துளையில் பென்டிரைவ் செருகியிருப்பதுபோல ஒரு பென்சில் துண்டை ஒட்டியிருந்தேன், இரண்டாம் நாளே முழங்கால் பட்டு அது உடைந்தது. பெட்டியை இன்னும் உள்ளே தள்ள வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே தள்ள எவ்வளவு இடம் இருக்கிறது? பெட்டிக்குப் பின்னால் செருகும் பிளக்கும் ஒயர் வளைவும் சேர்ந்து 6 சென்டிமீட்டர் தின்னும். 34ஓடு 6, ஆக 40. ஆழம் 42 என்று முதலில் எழுதி வைத்தது, மேஜை உயரத்தில் சுவரைத் தொட்டு அளந்தது. கீழே குனிந்து அளந்தபோது சுவரடியில் ஓடும் மரப்பட்டை 12 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தது. மிச்சம் 8 மில்லிமீட்டர். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆர்டர் போட்டேன்.

பொருத்துவது சுலபமாக முடிந்தது. கார்டு நேராக மதர்போர்டிலேயே உட்காருவதால் ரைசருக்கு வேலையில்லை. பன்னிரண்டரை சென்டிமீட்டர் உயரக் கூலருக்கும் இடம் இருந்தது. பக்கத் தகடுகளில் துளையே இல்லை, அவை சந்தின் சுவர்களை ஒட்டியிருந்தாலும் கவலையில்லை. கார்டுக்கான காற்று அடிப்பகுதியிலிருந்து வருகிறது. அங்கே இருக்கும் தூசு வலை முன்பக்கமாக உருவக்கூடியது. இதை வேண்டுமென்றே பார்த்து வாங்கினேன். பக்கவாட்டில் உருவும் வலையை இந்த மாதிரி இடத்தில் யாரும் ஒருநாளும் சுத்தம் செய்யப்போவதில்லை.

அதே காணொளி வேலையைக் கொடுத்தேன். சந்துக்குள் வைத்தபடியே 74 டிகிரி. கூலர் பெரிதானதற்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் இந்தப் பெட்டியை அறையின் நடுவில் வைத்து ஓட்டியபோதும் 73தான். சந்து இப்போது கணக்கிலேயே இல்லை.

ஒரு குறை பாக்கி இருக்கிறது. பின்னால் எதையாவது செருக வேண்டுமென்றால் பெட்டி முழுவதையும் வெளியே இழுக்க வேண்டியிருக்கிறது. ஒயர்களுக்கு ஒரு கை நீளம் தளர்வு விட்டு, யுஎஸ்பி நீட்டிப்பு ஒன்றை மேஜையின் விளிம்பில் ஒட்டியிருக்கிறேன். முன்பக்கத் துளையில் இப்போது எதையும் செருகுவதில்லை, முழங்காலுக்கும் அடி விழுவதில்லை.